உருக்கக் கூடாத ஒரு பவுன்

காவிரிப் படுகை நெல் பெருக்க வாரியம் தஞ்சாவூரில் தன் வெள்ளி விழாவைக் கொண்டாடியபோது, சிறந்த பெண் விவசாயி என்று காளியம்மாளை மேடைக்கு அழைத்து ஒரு தங்கக் காசைக் கொடுத்தது. தொடங்கிய நாளிலிருந்து வாரியம் ஒரு மணி நெல்லைக்கூட விளைவித்ததில்லை. அது அதன் வேலையும் அல்ல. விளைந்த நெல்லைப் பாராட்டுவதுதான் அதன் வேலை. அதைக் குறைவில்லாமல் செய்துவந்தது.

காளியம்மாளுக்குத் திருவிடைமருதூருக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரையோர ஊர். அவருடைய அப்பாவும் மாமனாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். காளியம்மாளும் கணவர் காத்தானும் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை முதலில் குத்தகைக்குப் பிடித்து, பல வருஷம் கழித்து அதையே கிரயம் செய்துகொண்டார்கள். அந்தச் சம்பாவில் ஒற்றை நாற்றாக நட்டு, மாவுக்குப் பதினெட்டு மூட்டை கண்டார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் பதின்மூன்றைத் தாண்டவில்லை.

காசு எட்டு கிராம். ஒரு பக்கம் நெற்கதிர், மறுபக்கம் வாரியத் தலைவர் சாரங்கபாணியின் முகம். இரண்டு பக்கமும் கதிரே போடுவதாகத்தான் முதலில் முடிவாகியிருந்ததாம். எது முன்பக்கம் என்று விவசாயிகள் குழம்பிவிடுவார்கள் என்பதால், தலைவர் தாமாக முன்வந்து முகத்தைக் கொடுத்ததாக விழா மலரில் எழுதியிருந்தது.

மேடையில் தலைவர் நெடுநேரம் பேசினார். “இதைத் தங்கம்னு யாரும் நினைச்சுடக் கூடாது. தங்கம் எந்தக் கடையிலயும் கிடைக்கும். இது நினைவு. இந்த அம்மா உழைப்போட நினைவு. அந்த உழைப்பை நாங்க கவனிச்சோம்ங்கறதோட நினைவு. முக்கியமா, கவனிச்சது யாருங்கறதோட நினைவு” என்றார். கூட்டம் கைதட்டியது.

திரும்பி வரும் பஸ்ஸில் காளியம்மாளுக்கு ஒரே கவலையாக இருந்தது. அத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் இது தங்கம் இல்லை என்று இத்தனை முறை சொன்னாரே, பித்தளையாக இருக்குமோ என்று காத்தானிடம் கேட்டார். காத்தானுக்கும் அதே சந்தேகம்தான். பித்தளையாக இருந்தாலும் மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தார்களே, அது போதும் என்று சொல்லித் தேற்றினார்.

அது பித்தளையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த வைகாசியில் காத்தானுக்கு அறுபது முடிகிறது. மயிலாடுதுறையில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் செம்மொழி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவைப்பது என்று முடிவெடுத்தாள். மண்டபம், சாப்பாடு, குருக்கள், போட்டோ எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தாலி என்ற பேச்சு வந்தபோதுதான் காளியம்மாள் வாயைத் திறந்தார்.

அவர்களுடைய கல்யாணத்தில் பொன் இல்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துத்தான் காத்தான் கட்டினார். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு ஒரு வருஷம் விதைநெல், ஒரு வருஷம் வெள்ளம், பல வருஷம் செம்மொழியின் படிப்பு. மஞ்சள் துண்டு தேயத் தேயக் காளியம்மாள் மாற்றிக்கொண்டே வந்தார். மகள் தன் சங்கிலியை அழித்துச் செய்யலாம் என்று சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“உன் கழுத்துல இருந்து எடுத்து என் கழுத்துல போட்டுக்கவா உன்னய படிக்க வச்சேன்? என் பவுன் இருக்கு. நான் நட்ட நெல்லு கொடுத்த பவுன். அதுல பண்ணு” என்றார்.

மாசி மாதம், அறுவடை முடிந்த கையோடு, காளியம்மாளும் காத்தானும் திருவிடைமருதூரில் நகை செய்யும் தியாகராசன் பத்தரிடம் போனார்கள். பத்தர் காசை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, சுத்தமான பொன் என்றார். காளியம்மாளின் முகம் மலர்ந்தது. பத்தர் அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் பழக்கத்தில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் காசின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். பொடி எழுத்தில் ஒரு வாசகம் ஓடியது: வாரியத்தின் அனுமதியின்றி உருமாற்றலாகாது.

பத்தர் காசைப் பட்டுத்துணியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இதற்கு முன் ஒருமுறை யாரோ கொண்டுவந்த பழைய பதக்கம் ஒன்றை உருக்கிவிட்டு, அது யாருடையது என்ற வழக்கு முடியும்வரை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்த அனுபவம் அவருக்கு இருந்தது.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கடுதாசி மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. வந்த மறுநாள் தாலி உங்க கையில” என்றார்.

வாரியத்தின் அலுவலகம் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. பிரிவு அலுவலர் பரணிதரன் மிகவும் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். டீ வரவழைத்தார். காளியம்மாள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், இப்படி ஒரு விண்ணப்பம் வாரியத்தின் சரித்திரத்திலேயே வந்ததில்லை என்று சொல்லி மகிழ்ந்தார். பிறகு, உருமாற்ற அனுமதி தருவதற்கு முன்னால் அந்தப் பொருள் என்ன என்று முடிவு செய்ய வேண்டும் என்றார்.

“இது நினைவு நாணயமா, புல்லியனா? அதுதான் கேள்வி” என்றார்.

காளியம்மாளுக்குப் புல் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. தன் வயலில் புல்லே கிடையாது என்றும், கோனோவீடர் ஓட்டிக் களை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். பரணிதரன் பொறுமையாக விளக்கினார். புல்லியன் என்றால் வெறும் தங்கம். எடைக்கு என்ன விலையோ அதுதான் அதன் மதிப்பு. நினைவு நாணயம் என்றால் அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்க்கவே கூடாது. எதை நினைவுபடுத்துகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இது நினைவு நாணயம் என்றால் என்ன ஆகும் என்று காத்தான் கேட்டார். நினைவு நாணயமாக இருந்தால் அதை உருக்குவது வாரியத்தின் மரியாதையை உருக்குவது போல. அனுமதிக்க விதியில்லை. சரி, புல்லியனாக இருந்தால்? விவசாயிகளுக்கு வெறும் தங்கம் கொடுக்க வாரியத்துக்கு அதிகாரமே கிடையாது. அப்படியானால் கொடுத்ததே தவறு. உடனே திரும்பப் பெற்றாக வேண்டும்.

“ஆனா ஒண்ணு. உங்களுக்கு இல்லைன்னு சொல்றது எங்க நோக்கமே இல்லம்மா” என்றார் பரணிதரன். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை.

ஆய்வுக்காகக் காசை அங்கேயே விட்டுப்போகச் சொன்னார்கள். ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். அதில் ‘மஞ்சள் நிற வட்டப் பொருள், ஒன்று’ என்று எழுதியிருந்ததைக் காத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். தங்கக் காசு என்று எழுதித் தரும்படி கேட்டார். பரணிதரன் வருத்தத்தோடு மறுத்தார். காசு என்று எழுதினால் அது நாணயம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தங்கம் என்று எழுதினால் புல்லியன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். முடிவு வரும்வரை வாரியம் எந்தப் பக்கமும் சாயக்கூடாது.

வாரியம் வகைப்பாட்டுக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் சாரங்கபாணியே அதற்கும் தலைவர். நாணயவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும், தங்க மதிப்பீட்டாளர் ஒருவரும் உறுப்பினர்கள். முதல் கூட்டத்தில் பேராசிரியர், நாணயம் என்றால் அதில் இத்தனை ரூபாய் என்று மதிப்பு பொறித்திருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே இது நாணயமே அல்ல என்றார். மதிப்பீட்டாளர், புல்லியன் என்றால் அதில் மனித முகம் இருந்து தான் பார்த்ததில்லை, ஆகவே இது புல்லியனே அல்ல என்றார். இருவரும் மற்றவர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டார்கள். கூட்டம் இணக்கமாக முடிந்தது. முந்திரி பக்கோடா பரிமாறப்பட்டது.

இரண்டாவது கூட்டத்தில், நினைவு நாணயம் என்றால் அது நினைவுகூரும் நிகழ்ச்சி நடந்ததா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். அதனால் பங்குனி வெயிலில் கள அலுவலர் சதீஷ் காளியம்மாளின் வயலுக்கு ஜீப்பில் வந்தார். விருது வாங்கிய சம்பா முடிந்து இன்னொரு சம்பாவும் அறுத்தாகிவிட்டது. வயலில் உளுந்து நின்றது. சதீஷ் உளுந்தைப் போட்டோ எடுத்தார். மாவுக்குப் பதினெட்டு மூட்டை விளைந்த அந்த நெல்லைப் பார்க்க வேண்டும் என்றார்.

கொள்முதல் நிலையத்தில் போட்டது போக, மீதியைத் தின்றுவிட்டதாகக் காத்தான் சொன்னார்.

“முழுசாவா?” என்று கேட்டார் சதீஷ். கொஞ்சமாவது மிச்சம் வைத்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டார். அறிக்கையில், நினைவுகூரப்படும் பொருள் பயனாளியால் உட்கொள்ளப்பட்டுவிட்டது என்று எழுதினார்.

சித்திரையில் காளியம்மாளை விசாரணைக்கு அழைத்தார்கள். செம்மொழி லீவு போட்டுவிட்டு உடன் வந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, காளியம்மாளை மட்டும் உள்ளே அழைத்தார்கள். நீள மேசைக்கு அப்பால் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை நடுவில், வெல்வெட் தட்டில், அவருடைய காசு. அதைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதாகப் பின்னால் மகளிடம் சொன்னார்.

நாணயத்தின் இயல்பை அதை வைத்திருப்பவரின் மனதிலிருந்துதான் அறிய முடியும் என்று பேராசிரியர் ஒரு கொள்கை சொன்னார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். சாரங்கபாணி முன்னால் சாய்ந்து, மிகவும் கனிவாகக் கேட்டார்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. இதைப் பாக்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?”

வெளியே பரணிதரன் ஏற்கனவே ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: தலைவர் பெயரைச் சொல்லிவிடுங்கள், நினைவு நாணயம் என்று முடிந்துவிடும், உருக்க முடியாது என்றாலும் கையில் வாங்கிக்கொண்டாவது போகலாம். காளியம்மாள் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தார். ஆனால் காசு கண்ணெதிரே மினுங்கிக்கொண்டிருந்தது.

“தாலிங்க” என்றார்.

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாலி என்றால் அது நகை. நகை என்பது நினைவு நாணயமும் அல்ல, புல்லியனும் அல்ல. மூன்றாவது வகை. மூன்றாவது வகை குறித்து விசாரிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. அதற்கு இன்னொரு குழு வேண்டும்.

சாரங்கபாணிக்கு மட்டும் சட்டப் பிரச்சினையைவிட வேறொன்று உறுத்தியது. “அம்மா, நான் மனசு விட்டுப் பேசறேன். இத்தனை வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். எத்தனையோ விவசாயிக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கேன். ஒருத்தர் பேரும் எனக்கு ஞாபகம் இல்ல. அவங்களுக்கு என் பேரு ஞாபகம் இருக்கணும்னுதான் இந்தக் காசே போட்டோம். நீங்க அதை நெருப்புல போட்டு உருக்கறேங்கறீங்க. மூக்கு முதல்ல உருகுமா, நெத்தி முதல்ல உருகுமா? யோசிச்சுப் பாத்தீங்களா?” என்றார்.

காளியம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் தரமுடியுமா என்று கேட்டார். அது குறிப்பில் பதிவாகவில்லை.

வைகாசி பிறந்தது. அனுமதியே வேண்டாம், தாலியும் செய்யவில்லை, காசை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று செம்மொழி எழுதிக் கொடுத்தாள். காத்தான் அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனார். பரணிதரன் அவருக்கும் டீ வரவழைத்தார். திருப்பிக் கொடுப்பதில் வாரியத்துக்கு ஆட்சேபணையே இல்லை என்றார். ஆனால் எந்தக் கணக்கில் உள்ளே வந்ததோ அந்தக் கணக்கிலிருந்துதான் வெளியே போக முடியும். நினைவுப் பொருளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலோகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மஞ்சள் நிற வட்டப் பொருளுக்குக் கணக்கு இல்லை.

“அப்ப அது எங்கதான் சார் இருக்கு?” என்று கேட்டார் காத்தான்.

பரணிதரன் அறையின் மூலையிலிருந்த இரும்பு அலமாரியைக் காட்டினார். “உள்ளதான் இருக்கு. ஆனா ஆபீஸ் கணக்குப்படி இன்னும் உள்ள வரலை” என்றார்.

காத்தான் கோபக்காரர் அல்ல. அன்று அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும் நேரம்வரை உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. யாரும் திட்டவும் இல்லை. கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். கடைசியில் அவரே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

திருக்கடையூரில் அன்று முகூர்த்த நாள். ஒரே மண்டபத்தில் வரிசையாகப் பல ஜோடிகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மாளுக்கும் காத்தானுக்கும் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். இருவரும் நடுங்கினார்கள், சிரித்தார்கள். மாங்கல்யத்தைக் கொடுங்கள் என்று குருக்கள் கையை நீட்டியபோது, செம்மொழி சட்டென்று தன் சங்கிலியில் கை வைத்தாள். காளியம்மாள் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மடியில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்துக் கயிற்றில் தானே கட்டிக் கொடுத்தார். குருக்கள் அதற்கும் அதே மந்திரத்தைச் சொன்னார்.

பக்கத்து ஜோடியின் தாலி வெயிலில் பளபளத்தது. காத்தான் மூன்று முடிச்சையும் மெதுவாகப் போட்டார். மனைவியின் காதருகே குனிந்து, “முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு குண்டுமணி பொன்னு போட முடியல பாரு” என்றார்.

“நெல்லு போட்டீங்கல்ல, விடுங்க” என்றார் காளியம்மாள். ஆனால் போட்டோக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொன்னபோது அவரால் நிமிர முடியவில்லை. படத்தில் அவர் தலை குனிந்தேதான் இருக்கிறது. வெட்கம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வாரியத்தின் ஆணை ஐப்பசியில் வந்தது. அதற்கென அமைத்த இன்னொரு குழு ஆழ்ந்து பரிசீலித்து, காசின் முகம் உள்ள பக்கம் நினைவு நாணயம் என்றும், கதிர் உள்ள பக்கம் புல்லியன் என்றும் தீர்மானித்திருந்தது. இரண்டு பக்கத்தையும் பிரிக்க இயலாததால் காசு நிரந்தரமாக வாரியத்தின் காட்சிக் கூடத்தில் இருக்கும். காளியம்மாளே என்றென்றும் அதன் உரிமையாளர். வருஷத்துக்கு ஒருமுறை, வாரிய நாளன்று, அவர் இலவசமாக வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதமே, கார்த்திகையில், அந்த நாள் வந்தது. போக வேண்டாம் என்று செம்மொழி சொல்லிப் பார்த்தாள். காளியம்மாள் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணியின் மேல் காசு இருந்தது. சாரங்கபாணி மேல்நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். காளியம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு முறை கதிர் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைக்க முடியுமா என்று பரணிதரனைக் கேட்டார்.

பரணிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னம்மா பண்றது. அந்தப் பக்கம் புல்லியன். புல்லியனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்னா துப்பாக்கியோட ஒரு காவலர் வேணும். கேட்டு எழுதியிருக்கோம்” என்றார்.

காளியம்மாள் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காசைப் பற்றிப் பேசவில்லை. யாராவது கேட்டால், இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்த வருஷம் மழை அளவாகப் பெய்தது. ஆற்றில் தண்ணீரும் நின்றது. தை பிறந்தபோது ஆறு மாவும் சாய்ந்துவிடும்போலக் கதிர் பிடித்து நின்றன. மாவுக்கு இருபது மூட்டை தாராளமாகக் காணும் என்று காத்தான் சொன்னார். பார்த்துவிட்டுப் போனவர்களும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சு எப்படியோ தஞ்சாவூர்வரை போயிருக்க வேண்டும். விருதுக்கு மகசூல் மதிப்பிடக் கள அலுவலர் வருவதாக வாரியத்திலிருந்து போன் வந்தது. இந்த முறை அரைப் பவுன் கூட்டி, ஒன்றரைப் பவுன் என்றார்கள்.

சதீஷ் காலையிலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். காளியம்மாள் வரப்பிலேயே காத்திருந்தார். அவரை ரோட்டோரத்து வயலுக்குள் விடாமல், வாய்க்காலைச் சுற்றி, வடிகால் ஓரமாக இருந்த ஒரு மூலைக்கு அழைத்துப்போனார். தண்ணீர் தேங்கி உவர் பிடித்த இடம். எந்த வருஷமும் அங்கே பயிர் தேறியதில்லை. முழங்கால் உயரத்தில் பதரும் கோரையுமாக நின்றது.

சதீஷ் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஊரில் எல்லாரும் வேறு மாதிரி சொன்னார்களே என்று கேட்டார். அவர் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பின்னால் தென்னை வரிசைக்கு அந்தப்புறம், மஞ்சளாக, வயல் முழுக்கக் கதிர் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கள அலுவலர். காட்டிய இடத்தைத்தான் பார்ப்பார்.

“என்னம்மா ஆச்சு?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“விளையலீங்க சார்” என்றார் காளியம்மாள். “அந்த ஒரு வருஷம் ஏதோ விளைஞ்சுது. எங்களுக்கெல்லாம் அவ்வளவுதான்.”

காத்தான் கொஞ்சம் தள்ளி, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நன்றாகவே உட்கார்ந்திருந்தார். சதீஷ் நான்கு கட்டை அடித்துக் கயிறு கட்டி, அதற்குள் இருந்ததை அறுத்து எடை போட்டார். மாவுக்கு இரண்டு மூட்டைகூடத் தேறாது என்று எழுதிக்கொண்டார். வாரியம் மிகவும் வருந்தும் என்று சொல்லி, இருவருக்கும் ஆறுதல் கூறி, ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மதகைத் தாண்டிப் பெரிய ரோட்டில் திரும்பி மறையும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு காத்தான் போனை எடுத்து, ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவைத்திருந்த அறுவடை மிஷினை வயலுக்கு வரச் சொன்னார்.